விதியும் விலகலும்

எழுதக் கற்கும்போது நாம் முதலில் சந்திப்பவை விதிகள். சிறந்த எழுத்துகளைப் படிக்கும்போது நாம் அடிக்கடி சந்திப்பவை விதி விலகல்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவனபோலத் தோன்றலாம். ஆனால், தமிழ் இலக்கண மரபு இரண்டையும் ஒரே நூலில் அருகருகே வைத்துப் பேணி வந்திருக்கிறது. எழுத்தில் எப்போது விதியைக் காக்க வேண்டும், எப்போது அதிலிருந்து விலகலாம் என்பதை அம்மரபின் துணைகொண்டு அறிவோம்.

மூன்று சிவப்புக் கோடுகள்

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள் என்று கொள்வோம். "வயலில் உழைத்து உழைத்து என் பாட்டியின் கைகள் காய்ந்து போனது" என்று அவள் தொடங்குகிறாள். சில வரிகளுக்குப் பின் பாட்டியே பேசுகிறார்: "வெள்ளன எந்திரிச்சாத்தான் வேல முடியும்."

கட்டுரை திருத்தப்பட்டு அவள் கைக்குத் திரும்புகிறது. மூன்று இடங்களில் சிவப்புக் கோடு. 'உழைத்து உழைத்து' என்பது கூறியது கூறல். 'கைகள் போனது' என்பது ஒருமை பன்மை மயக்கம். 'வெள்ளன எந்திரிச்சா' என்பது கொச்சை. மாணவி மூன்றையும் திருத்தி எழுதுகிறாள். இப்போது பாட்டி, "வைகறையில் துயிலெழுந்தால்தான் பணி நிறைவுறும்" என்கிறார். தொடரில் ஒரு பிழையும் இல்லை. ஆனால், பாட்டி அந்தக் கட்டுரையை விட்டுப் போய்விட்டார்.

மூன்று கோடுகளும் ஒரே நிறத்தில் இருந்தன. ஆனால், அவை சுட்டிய மூன்றும் ஒரே தன்மையுடையனவா? அவற்றுள் ஒன்று உண்மையான பிழை. மற்ற இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல. இந்த வேறுபாட்டை அறியாதவர் இருவகையில் இழப்புக்கு உள்ளாவர். எல்லா விதிகளுக்கும் எப்போதும் அஞ்சி எழுதுவோர், தம் வீட்டு மொழியையும் தம் குரலையும் இழப்பர். விதிகளே வேண்டாம் என்று எழுதுவோர், தம்மைப் படிப்போரை இழப்பர். இவ்விரு இழப்புகளையும் தவிர்க்கும் வழியைத் தமிழ் இலக்கண நூல்கள் நமக்குக் காட்டுகின்றன.

விதி யாருக்காக?

பேசும்போது கேட்பவர் நம் எதிரில் இருக்கிறார். அவர் முகம் சுருங்கினால், நாம் சொன்னது விளங்கவில்லை என்று அறிந்து வேறு சொற்களால் மீண்டும் சொல்கிறோம். குரலின் ஏற்ற இறக்கமும் கையசைவும் நமக்குத் துணை செய்கின்றன. எழுத்தில் இத்துணைகள் இல்லை. எழுதியவர் ஓரிடத்தில் இருக்க, படிப்பவர் வேறோர் ஊரிலும் வேறொரு காலத்திலும் இருக்கலாம். ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிய வழியில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே எழுத்தின் விதிகள் தோன்றின.

ஒற்று மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் நாம் மனப்பாடம் செய்கிறோம். அவை வெறும் கட்டுப்பாடுகள் அல்ல. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான் என்பது பொருள். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேல் என்னும் படைக்கருவியைக் கொடுத்தான் என்பது பொருள். இவற்றில் பொருளை வேறுபடுத்துவது ஒரே ஒரு மெய்யெழுத்து. அதை விடுப்பவர் விதியை மட்டும் மீறவில்லை. தாம் சொல்ல வந்ததையும் மாற்றிவிடுகிறார்.

சொற்களை நிறுத்தும் இடமும் இவ்வாறே பொருளைத் தீர்மானிக்கிறது. 'பழைய பள்ளிக் கட்டடம்' என்னும் தொடரில் பழையது பள்ளியா, கட்டடமா என்பது விளங்கவில்லை. 'பள்ளியின் பழைய கட்டடம்' என்று எழுதினால் ஐயம் நீங்குகிறது. 'காலை மாலை இரு மாத்திரை' என்று ஒரு மருந்துக் குறிப்பு இருந்தால், வேளைக்கு இரண்டா, நாளுக்கு இரண்டா என்னும் ஐயம் எழும். இங்கே குறைவது ஒரு சொல்தான். ஆனால், அக்குறை ஒருவரின் உடல்நலத்தையே பாதிக்கக்கூடும்.

நன்னூல் காட்டும் அளவுகோல்

பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நூல் நன்னூல். அதன் பாயிரப் பகுதி, ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் வேண்டிய பத்து அழகுகளையும் வகுத்துரைக்கிறது. தேவையானதைச் சொல்லாமல் விடுவது குன்றக் கூறல். தேவைக்கு மேல் சொல்வது மிகைபடக் கூறல். முன் சொன்னதையே பின்னும் சொல்வது கூறியது கூறல். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது மாறுகொளக் கூறல். பொருள் இதுவோ அதுவோ என்று ஐயுறச் செய்வது மயங்க வைத்தல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது மற்றொன்று விரித்தல். இவை போன்றவை குற்றங்கள். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், ஓசையுடைமை, ஆழமுடைமை முதலியவை அழகுகள்.

எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இப்பட்டியல் இன்றும் பழமைப்பட்டுவிடவில்லை. மேலே கண்ட மருந்துக் குறிப்பின் பிழை குன்றக் கூறல். பள்ளிக் கட்டடத் தொடரின் பிழை மயங்க வைத்தல். இன்று ஒரு நாளிதழின் செய்தியையோ நம் தேர்வு விடையையோ எடுத்து, இப்பத்துக் குற்றங்களை வரிசையாக வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. மிகவும் சுருக்கினால் விளக்கம் குறையும். மிகவும் விளக்கினால் சுருக்கம் கெடும். ஆகவே, இவ்விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. எழுதுபவர் இடமறிந்து நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு விதியைக் காக்க மற்றொன்றைத் தளர்த்த நேரும் இடங்கள் எழுத்தில் எப்போதும் உண்டு.

வழாநிலை, வழு, வழுவமைதி

மொழிப் பயன்பாட்டைத் தமிழ் இலக்கணம் சரி, தவறு என்னும் இரண்டே கூறுகளாகப் பிரிக்கவில்லை, மூன்றாகப் பகுத்தது. இலக்கண நெறிப்படி அமைவது வழாநிலை. அந்நெறியிலிருந்து பிறழ்வது வழு. பிறழ்ந்திருப்பினும், தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் இதற்கு அடித்தளம் இட்டது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நிகழும் என்று நன்னூல் தொகுத்துரைக்கிறது.

இவற்றுக்கான வழுவமைதிகள் நம் அன்றாட வாழ்வில் நிறைந்து கிடக்கின்றன. தொழுவத்துக்குத் திரும்பும் பசுவைப் பார்த்து, "என் மகள் வந்துவிட்டாள்" என்கிறார் அதை வளர்ப்பவர். அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது திணை வழு. ஆனால், அதற்குக் காரணம் அறியாமை அன்று, அன்பு. சிறுமியைத் தாய், "வாடா என் தங்கமே" என்று அழைப்பதும் இத்தகையதே. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வந்தால் அவற்றை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது நன்னூல்.

உணவுண்ண அழைக்கும்போது உள்ளறையிலிருந்து, "இதோ, வந்துவிட்டேன்" என்கிறோம். இன்னும் வரவில்லை, எனினும், இறந்த காலத்தில் சொல்கிறோம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவை காரணமாகக் காலம் மாறி வரலாம் என்று நன்னூல் அமைதி கூறுகிறது. "இந்த அண்ணன் இருக்கும்வரை உனக்கு என்ன கவலை?" என்று ஒருவன் தன்னையே படர்க்கையில் சொல்வது இடவழுவமைதி. "சந்தைக்குப் போனாயா?" என்னும் வினாவுக்குக் "கால் வலித்தது" என்பது நேர்விடை அன்று, ஆயினும், போகாமையும் அதன் காரணமும் அதில் அடங்கியிருப்பதால் அதுவும் விடையாகிறது. குயில் கூவும் என்பது மரபு. பாரதியார் குயிலின் ஓசைக்குக் 'கத்தும்' என்னும் சொல்லை ஆண்டிருப்பதை மரபு வழுவமைதியாக நாம் ஏற்கிறோம்.

இவ்வெடுத்துக்காட்டுகள் அனைத்திலும் பொதுவாக இருப்பது எது? காரணம். வழுவுக்கும் வழுவமைதிக்கும் வடிவத்தில் வேறுபாடு இல்லை. இரண்டும் விதியிலிருந்து ஒரே அளவு விலகியிருக்கலாம். ஒன்றை மன்னித்து மற்றொன்றைத் தள்ளுவது, விலகலுக்குப் பின்னால் இருக்கும் காரணமே.

> தெரிந்து தெளிவோம்
> இல்லத்தின் முன்பகுதியை 'இல்முன்' என்பதே சொல்முறை. அது 'முன்றில்' என முன்பின்னாக மாறி வழங்குவது இலக்கணப் போலி. தஞ்சாவூர் 'தஞ்சை' எனச் சிதைந்து வழங்குவது மரூஉ. இவ்விரண்டையும் பிழை எனத் தள்ளாமல், இலக்கணமுடையதோடு சேர்த்து இயல்பு வழக்கின் வகைகளாக நன்னூல் கொள்கிறது.

சொல்வோரின் நிலை

அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம், சொல்லணியியலின் இறுதிப் பகுதியில் செய்யுளில் தவிர்க்க வேண்டிய வழுக்களைத் தொகுத்துச் சொல்கிறது. அவற்றோடு, அவ்வழுக்கள் எவ்விடத்தில் குற்றம் ஆகமாட்டா என்பதையும் உடன் கூறுகிறது. தொடர்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வருவது குற்றம். ஆனால், பேசுபவர் கள்ளுண்டு களித்தவராகவோ பித்துற்றவராகவோ இருந்தால் அது குற்றமன்று. முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது குற்றம். ஆனால், காதலோ அச்சமோ அளவு கடந்த நிலையில் அது பொருந்தும். சொன்னதையே சொல்வது குற்றம். ஆனால், விரைவிலும் சிறப்பிலும் அதற்குத் தடையில்லை.

இக்கருத்து, கதையும் நாடகமும் எழுத விரும்புவோர் நெஞ்சில் பதிக்க வேண்டிய ஒன்று. எழுதுபவரின் மொழி வேறு. அவர் படைத்த மாந்தரின் மொழி வேறு. பேரச்சத்தில் இருப்பவர் செம்மையான நீண்ட தொடர்களில் பேசினால், படிப்பவர் அந்த அச்சத்தை நம்பமாட்டார். மொழி குலைவதே அங்கு உண்மையைச் சொல்லும் வழி.

புதுமைப்பித்தன் தம் சிறுகதைகளில் திருநெல்வேலிப் பேச்சுவழக்கை மாந்தரின் வாயில் வைத்தார். கி. ராஜநாராயணன் கரிசல் நிலத்து மக்களின் வாழ்வை அவர்தம் மொழியிலேயே கோபல்ல கிராமம் முதலிய படைப்புகளில் எழுதினார். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியும் உருவாக்கினார். அச்சொற்கள் பிழைகள் அல்ல, ஒரு நிலத்தின் செல்வம் என்பதை அவருடைய படைப்பும் அகராதியும் உணர்த்தின. இந்த நோக்கில் பார்த்தால், மாணவி எழுதிய 'வெள்ளன எந்திரிச்சா' என்பதில் பிழை ஏதும் இல்லை. அங்குப் பேசுவது கட்டுரையாளர் அல்லர், அவருடைய பாட்டி. பாட்டியின் சொற்களை மேற்கோள் குறிக்குள் நிறுத்தியதன் மூலம், அவை யாருடையவை என்பதை மாணவி சரியாகவே காட்டியிருக்கிறாள்.

ஒரே சொல், இரு பயன்கள்

கூறியது கூறல் என்னும் குற்றத்தை இரு எடுத்துக்காட்டுகளால் நோக்குவோம்.

'மழை அதிகமாகப் பெய்ததால், மிகுதியான மழையின் காரணமாக ஊரில் மழைநீர் தேங்கியது.' இத்தொடரில் மழை மூன்று முறை வருகிறது. முதல் முறைக்குப் பின் வந்தவற்றால் நாம் புதிதாக எதையும் அறியவில்லை. எழுதியவர் தாம் முன்பு சொன்னதை மறந்துவிட்டார் என்பது மட்டுமே தெரிகிறது. இது வழு. 'பெருமழையால் ஊரில் நீர் தேங்கியது' என்பதே போதும்.

'மழை. மழை. மழை. மூன்று நாளாக அந்த ஊரில் வேறு பேச்சில்லை.' இங்கும் மழை மூன்று முறை வருகிறது. தொடர்களுக்குப் பயனிலையும் இல்லை. எனினும், ஒவ்வொரு 'மழை'யும் ஒரு நாளாக நிற்கிறது. நிற்காத மழையைப் படிப்பவர் காதாலும் உணர்கிறார். சொன்னதே மீண்டும் வந்தாலும் புதுப்பொருள் பிறக்கிறது.

மாணவி எழுதிய 'உழைத்து உழைத்து' இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒருமுறை 'உழைத்து' என்றால் ஒரு செயல். இருமுறை சொல்லும்போது இடைவிடாத பல்லாண்டு உழைப்பு கண்முன் வருகிறது. அதில் ஒன்றை நீக்கினால் குறைவது ஒரு சொல்லன்று, ஒரு வாழ்நாள். ஆனால், 'கைகள் காய்ந்து போனது' என்பதை எவ்வாறு நோக்கினும் அதற்குக் காரணம் கிடைக்கவில்லை. 'கைகள் காய்ந்து போயின' என்று திருத்தினால் தொடர் இழப்பது ஒன்றுமில்லை, செம்மை அடைகிறது. எனவே, மூன்று சிவப்புக் கோடுகளில் இது ஒன்றே உரிய இடத்தில் விழுந்தது.

சொல் வரிசை மாறும் இடம்

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையில் அமைவது தமிழ் உரைநடைத் தொடரின் இயல்பு. வினைமுற்று இறுதியில் நிற்கும்வரை படிப்பவர் காத்திருக்கிறார். பெரும்பாலான இடங்களில் இக்காத்திருப்பால் தீங்கில்லை. ஆனால், காத்திருக்க இயலாத ஒருவர் எதிரில் இருந்தால்?

கம்பராமாயணத்தில், இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் இராமனிடம் செய்தி சொல்லும் இடம் இவ்வகையில் புகழ்பெற்றது. சீதையின் நிலையறியாது துயருற்றிருக்கும் இராமனுக்கு, சீதையைப் பற்றிய சொல் முதலில் வந்தால், அடுத்து வருவது நற்செய்தியோ அல்லாததோ என்று ஒரு கணம் நெஞ்சம் பதைக்கும். அந்த ஒரு கணத் துன்பத்தையும் தராமல், தான் கண்டதை உணர்த்தும் வினைமுற்றையே அனுமன் முதலில் வைக்கிறான். அனுமனைச் சொல்லின் செல்வன் என்று போற்றுகிறோம். இங்கு வரிசை மாறியது அழகுக்காக மட்டுமன்று. கேட்பவரின் மனநிலையைக் கருதி மாறியது. படிப்பவருக்காக ஏற்பட்ட ஒரு விதி, கேட்பவருக்காகவே தளர்த்தப்படுகிறது.

விலகலுக்கும் எல்லை உண்டு

காரணம் இருந்தால் எவ்வளவும் விலகலாமா? தமிழ் மரபு விலகலுக்கும் எல்லை வகுத்திருக்கிறது. ஓசைக்காகச் செய்யுளில் சொற்கள் திரிந்து வரலாம். ஆனால், அத்திரிபுகள் வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என ஆறாக வரையறுக்கப்பட்டுள்ளன. முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்னும் மூன்றும் அவற்றோடு சேர்கின்றன. விரைவுப் பொருளில் வரும் அடுக்கு மூன்று முறைக்கு மேற்படாது என்று தொல்காப்பியம் வரம்பு கட்டுகிறது. தீப்பற்றியதைக் கண்டவர் 'தீ தீ தீ' என்று கூவலாம். பக்கம் முழுதும் அச்சொல்லையே நிரப்பினால் விரைவு கெட்டுச் சலிப்பே மிஞ்சும்.

இவ்வரையறையில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. விலகல் அரிதாக இருக்கும்வரைதான் அது விலகலாகத் தெரியும். எல்லாத் தொடர்களும் வினைமுற்றில் தொடங்கினால் எந்தத் தொடரும் சிறந்து நிற்காது. வெண்மையான சுவரில் ஒரு கோலம் எடுப்பாகத் தெரியும். சுவர் முழுதும் கோடுகள் நிறைந்தால் கோலத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இன்றைய நடைவிதிகள்

இக்கால உரைநடைக்கும் சில பொது விதிகள் சொல்லப்படுகின்றன. சிறு தொடர்களில் எழுதுக. செயப்பாட்டு வினையைக் குறைத்துச் செய்வினையில் எழுதுக. எளிய சொற்களைத் தேர்க என்பன அவற்றுள் சில. இவை நன்னூலின் சுருங்கச் சொல்லலுக்கும் விளங்க வைத்தலுக்கும் உறவுடையன. பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பாரதியார், எளிய சொற்களும் எளிய நடையும் கொண்டு காவியம் செய்பவர் தாய்மொழிக்குப் புத்துயிர் ஊட்டுகிறார் என்னும் கருத்தை வெளியிட்டார். அக்காவியத்தின் முதற்பாகம் 1912ஆம் ஆண்டு வெளிவந்தது. இதழாசிரியராக விளங்கிய திரு.வி.க. சிறு சிறு தொடர்களால் ஆற்றல்மிக்க உரைநடையைப் படைத்தார்.

இவ்விதிகளையும் காரணம் அறிந்தே பின்பற்ற வேண்டும். திருவிழாத் தேர் தெருமுனையில் திரும்பும் காட்சியை எழுதுபவர், வடம் பிடிப்போரின் இழுப்பையும் சக்கரத்தின் முனகலையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் ஒரே நெடுந்தொடரில் கோத்துச் செல்லலாம். தேர் நிலைக்கு வரும்போது அத்தொடர் முற்றுப்பெறலாம். அங்கே நெடுமை பிழையன்று.

செயப்பாட்டு வினையும் அவ்வாறே. 'நூலகம் திறந்து வைக்கப்பட்டது' என்னும் செய்தியில் நூலகமே முதன்மையானது. எனவே, செயப்பாட்டு வினை பொருந்துகிறது. 'பெயர் விடுபட்டுவிட்டது, வருத்தம் தெரிவிக்கப்படுகிறது' என்னும் கடிதத்தில் விடுத்தவர் யார், வருந்துபவர் யார் என்பது தெரியவில்லை. இங்கும் விதியிலிருந்து விலகல் நிகழ்ந்துள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. ஆனால், அக்காரணம் படிப்பவருக்கு உதவுவதன்று. எழுதியவர் பொறுப்பிலிருந்து ஒதுங்குவது. காரணம் இருந்தால் மட்டும் போதாது. அது நேர்மையான காரணமாகவும் இருக்க வேண்டும்.

விலகக் கூடாத இடங்கள்

சில எழுத்துகளில் விலகலுக்கு இடமே இல்லை. மருந்துக் குறிப்பு, சட்டம், ஒப்பந்தம், எச்சரிக்கைப் பலகை, அறிவியல் செய்முறை ஆகியவை அத்தகையன. இவற்றைப் படிப்பவர் எழுதியவரின் குரலைத் தேடி வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை அறிய வருகிறார். ஆழமான குளத்தின் கரையில் நிற்கும் அறிவிப்பில் நயம் தேவையில்லை. 'இங்குக் குளிக்காதீர், ஆழம் மிகுதி' என்பதே அங்கு வேண்டுவது. ஒப்பந்தத்தில் ஒரே பொருளைச் சுட்ட ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் ஆள்வதே நன்று. அழகு கருதி வேறு சொல்லை மாற்றி எழுதினால், அது வேறு பொருளைக் குறிப்பதாக வழக்கு எழக்கூடும். கட்டுரையில் குற்றமாகக் கருதப்படும் கூறியது கூறல், ஒப்பந்தத்தில் காப்பாகிவிடுகிறது.

மூன்று வினாக்கள்

எழுதுபவர் ஒரு விதியிலிருந்து விலக எண்ணும்போது தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று, இவ்விதியை நான் அறிவேனா? அறியாமல் விலகுவது வழு. அறிந்து விலகுவதே வழுவமைதியாகும் தகுதி பெறும்.

இரண்டு, விதிப்படி எழுதினால் இழப்பது எது? இழப்பு ஒன்றும் இல்லையெனில் விதிப்படியே எழுதலாம்.

மூன்று, இவ்விலகலால் பயன்பெறுபவர் யார்? படிப்பவர் பயன்பெற்றால் துணிந்து விலகலாம். எழுதுபவரின் சோம்பலும் பெருமிதமும் மட்டுமே பயன்பெறுமானால் விலகாதிருப்பதே நன்று.

இவ்வினாக்கள் எழுதுபவருக்கு மட்டும் உரியவை அல்ல. பிறர் எழுத்தைத் திருத்துபவரும் கோடிடும் முன் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

விலகலே விதியாதல்

'ஆசிரியர் வந்தார்' என்று ஒருவரைப் பலர்பாலால் குறிக்கிறோம். ஒருவரைப் பன்மையால் கூறுவது உலக வழக்கில் உயர்வு கருதி வருவது. இலக்கணத்திற்கு உரிய நெறியன்று என்று தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. அன்று இலக்கண நெறிக்கு வெளியே நின்ற அவ்வழக்கு, இன்று உரைநடையின் விதி. இப்போது 'ஆசிரியர் வந்தான்' என்று எழுதுவதே பிழையாகும். மக்கள் ஒரு காரணத்துக்காக நெடுங்காலம் செய்த விலகல், விதியாகவே நிலைபெற்றுவிட்டது.

எழுத்து வடிவத்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. தந்தை பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தம் குடிஅரசு இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாண்டார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளுக்கு அதுவரை தனி வடிவங்கள் வழக்கில் இருந்தன. 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசின் ஆணையால் சீர்திருத்த வடிவங்கள் ஏற்கப்பட்டன. அன்றைய வழக்கிலிருந்து விலகிய எழுத்துகளையே இன்று நாம் விதியாகக் கற்கிறோம்.

இத்தகைய மாற்றங்களை முன்னோர் எதிர்பார்த்தே இருந்தனர். இலக்கண நூல்களில் இயல்களின் இறுதியில் புறனடை என்னும் நூற்பா அமைவதுண்டு. சொன்னவற்றுள் அடங்காதவை தோன்றினால், அவற்றையும் ஏற்ற முறையில் கொள்ள அது வழிவிடுகிறது. காலப்போக்கில் பழையவை சில நீங்குவதும் புதியவை சில சேர்வதும் வழுவல்ல என்று நன்னூல் தன் சொல்லதிகார இறுதியில் கூறுகிறது. தாம் வகுத்த விதிகளுக்குக் கீழே, அவை மாறக்கூடும் என்றும் எழுதிவைத்த தெளிவு அது.

இனி, அந்த மாணவியின் கட்டுரைக்குத் திரும்புவோம். "வயலில் உழைத்து உழைத்து என் பாட்டியின் கைகள் காய்ந்து போயின" என்று அது தொடங்கட்டும். ஒரு சொல் மட்டும் திருந்தினால் போதும். பாட்டி தம் மொழியிலேயே, "வெள்ளன எந்திரிச்சாத்தான் வேல முடியும்" என்று சொல்லட்டும். விதியைக் காத்த ஒரு தொடரும், காரணத்தோடு விதியிலிருந்து விலகிய ஒரு தொடரும் அக்கட்டுரையில் அருகருகே நிற்கின்றன. இரண்டும் நல்ல தமிழே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டாரின் ஒருநாள் உரையாடலைக் கவனித்து, அதில் இடம்பெறும் வழுவமைதிகள் ஐந்தனைத் தொகுக்க. ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தை எழுதுக.

2. நீங்கள் முன்பு எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் எவை அதில் உள்ளன என ஆராய்ந்து திருத்துக.

3. உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக. உங்கள் கூற்று எழுத்துத் தமிழிலும், அவர் கூற்று அவருடைய பேச்சுத் தமிழிலும் அமையட்டும்.

4. 'ஒரு தொடரைத் திருத்தும் முன் அதன் காரணத்தை அறிய வேண்டும்' – வகுப்பறையில் கலந்துரையாடுக.